சிகாமட் கொட்டகையில் பாடிய மங்களம்

நாடகம் பார்க்க எந்தக் கொட்டகை நல்லது என்று வேதநாயகியைக் கேட்டால், பாலோ தோட்டத்து ரப்பர் ஸ்டோரைத்தான் சொல்வாள். ரப்பர் நாற்றம் குடலைப் பிடுங்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பலகைச் சுவர் ஒரு சொல்லைக்கூடச் சிந்த விடாது. ராஜா விடும் பெருமூச்சு கடைசியில் குந்தியிருப்பவனுக்கும் கேட்கும். நாலு பக்கமும் கதவு திறந்து கிடப்பதால் பிள்ளை அழுதால் தாய்க்காரி வெளியே போய் வரலாம். மெர்சிங் மீன் கொட்டகையும் பரவாயில்லைதான். கடல்காற்று பாட்டில் பாதியைத் தின்றுவிடும், மீதியைப் பூனைகள் கெடுக்கும்.

அவளுக்கு அறவே பிடிக்காதது சிகாமட் ரயில் நிலையத்துப் பக்கம் இருந்த படக்கொட்டகை. தகரக் கூரை, சிமெண்டுச் சுவர், போக வர பின்வரிசைப் பக்கம் ஒரே வாசல். கட்டியவனுக்கு மனிதத் தொண்டை என்று ஒன்று இருப்பதே தெரியாது போலிருக்கிறது. என்னதான் கத்தினாலும் குரல் ஆறாவது வரிசையைத் தாண்டாது. ஆர்மோனியம் கூடவே முழங்கினால்தான் என்ன மெட்டு என்றாவது பின்வரிசைக்குப் புரியும். "இங்க பாடுறதுக்கு மாட்டுக் கொட்டகையில பாடலாம். மாடாவது தலையாட்டும்" என்று ஜப்பான்காரன் சண்டைக்கு முன்பே சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கொட்டகையில்தான் ஆட வேண்டும் என்று ஜப்பான்காரனிடமிருந்து உத்தரவு வந்தது. சனிக்கிழமை நாலு மணிக்கு இலவச நாடகம், தோட்டத்து ஆம்பளைகளுக்கு மட்டும், வருகிற ஆளுக்கு ஒரு காத்தி எடை அரிசி. மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று நாக்குச் செத்த ஜனத்துக்கு இது போதாதா? சுற்று வட்டாரத் தோட்டமெல்லாம் ஒரே பேச்சாக இருந்தது.

வேதநாயகிக்கும் முதலில் சந்தோஷம்தான். நாற்பத்தொன்றில் கடல் தாண்டி வந்த நாடகக் கம்பெனி சண்டையில் சிதறிப் போயிருந்தது. பாதிப் பேர் சிங்கப்பூரில் எங்கேயோ, மிருதங்கக்காரர் மலேரியாவில் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது இரண்டே பேர். ஆண் வேஷம் கட்டி ராஜபார்ட் ஆடும் இவளும், ஆர்மோனியம் வாசிக்கும் இவள் புருஷன் செல்லப்பனும்.

வெள்ளிக்கிழமை காலையில் சாதிக் பாட்சாவின் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனாள். ரயில் நிலையத்துக்கு எதிர்த்த கடை. அவர் கோப்பையை வைத்துவிட்டு, மேசையைத் துடைக்கிற சாக்கில் குனிந்தார்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு மூணு லாரி வருதாம்மா. ஜப்பான்காரன் சோல்ஜருங்களுக்குத் தேத்தண்ணி போட்டு வைக்கச் சொல்லிட்டுப் போனான்."

"நாடகம் பாக்கவா வர்றாங்க?"

"அலமாக், வெவரம் தெரியாமப் பேசாதீங்க. போன மாசம் வடக்கால ஒரு ஊர்ல இப்படித்தான் சும்மா படம் காட்டுறேன்னு கூப்பிட்டான். உள்ள போனதும் கதவைச் சாத்திட்டான். அத்தனை பேரும் சயாமுக்கு, ரயில் ரோடு போட. என் மச்சினன் லியாக்கத் அலியும் அதுல ஒருத்தன். இன்னிக்கு வரைக்கும் ஒரு கடுதாசி இல்ல."

அவள் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. நேரே கொட்டகைக்குப் போய்ச் சுற்றி வந்தாள். ஜன்னல்களுக்கெல்லாம் வெளியிலிருந்து புதுப் பலகை அடித்திருந்தது. வாசல் இரும்புக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. பயத்தைவிட அதிகமாகக் கோபம் வந்தது. என் பெயரைச் சொல்லியா ஆள் பிடிக்கிறான்?

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் செல்லப்பனிடம் சொன்னாள்.

"ஓடிப் போயிடலாமா நாயகி?" என்றார் அவர்.

"போனா? நாடகத்துக்குப் பதிலா படம் காட்டுவான். அரிசின்னு சொல்லியிருக்கான், ஜனம் வந்துரும். நாம ஆடுறோம். மொதல் பாட்டே மங்களம்."

செல்லப்பன் நிமிர்ந்து பார்த்தார். தோட்டங்களில் மங்களம் என்றால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். கேட்டதும் எல்லோரும் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் லயத்து வீடுகளுக்கு நடப்பார்கள். பாதி ஆட்டத்தில் கேட்டால் அது வேறு சேதி. மேடைக்கடியில் பாம்பு இருக்கும், இல்லாவிட்டால் துரையின் ஆட்கள் தடியோடு வருவார்கள். அப்போதும் ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

"நீங்க கூட்டத்தோட கூட்டமா வெளிய போயிடுங்க. நான் பாடிக்கிறேன்" என்றாள்.

"அந்தக் கொட்டகையிலயா? ஆர்மோனியப் பெட்டி இல்லாம உன் பாட்டு ஆறாவது வரிசையோட நின்னுரும். பின்னால உள்ளவன் எந்திரிக்காம முன்னால உள்ளவன் எப்படிப் போவான்? ஒரே வாசல்."

"உங்களைப் பிடிச்சுக்குவான்."

"கடைசி ஆள் போற வரைக்கும் பெட்டி நிக்கக் கூடாது நாயகி. ஒனக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும். வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு கிரீடத்துக்குச் சரிகைக் காகிதம் ஒட்ட உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை மூன்றரைக்கே கொட்டகை நிரம்பி வழிந்தது. இருநூறு பேருக்குக் குறையாது. வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் மட்டும், லாரி வரும்வரை இன்னும் ஆள் சேரட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். முன்வரிசையில் ஜப்பானிய அதிகாரி, பக்கத்தில் அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசி தங்கராஜு. மிஷன் பள்ளியில் படித்த டவுன் பிள்ளை, தெருக்கூத்தைக்கூட எட்டிப் பார்த்ததில்லை.

நாலு மணிக்குத் திரை விலகியது. மீசையும் கிரீடமும் இடுப்பில் வாளுமாக வேதநாயகி வந்து நின்றாள். விசில் பறந்தது. செல்லப்பன் துருத்தியை அழுத்தினார். அவள் மங்களத்தை எடுத்தாள்.

விசில் பட்டென்று நின்றது. ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தான். கடைசி வரிசைவரை ஆர்மோனியம் போய்ச் சேர்ந்ததும் அங்கே ஒருத்தன் எழுந்தான். பிறகு ஒரு வரிசையே எழுந்தது.

அதிகாரி துபாசியிடம் ஏதோ கேட்டான். "கடவுள் வாழ்த்துங்க. மரியாதைக்கு எல்லாரும் எந்திரிப்பாங்க" என்று மேடைக்கும் கேட்கும்படி தமிழில் உளறிவிட்டு, அதையே ஜப்பான் மொழியில் சொன்னான் தங்கராஜு. அதிகாரி சட்டென்று எழுந்து, தொப்பியைக் கழற்றி, விறைப்பாக நின்றான்.

அவன் நின்றபடியே இருக்க, அவன் முதுகுக்குப் பின்னால் கொட்டகை காலியாகிக்கொண்டிருந்தது. அதிகாரியே தொப்பியைக் கழற்றி நிற்கும்போது போலீஸ்காரர்கள் என்ன செய்வார்கள்? அவர்களும் சல்யூட் அடித்து நின்றார்கள். வேதநாயகி முதல் அடியையே திரும்பத் திரும்பப் பாடினாள். தகரக் கூரை அவள் குரலை விழுங்கியது. ஆர்மோனியம் விடவில்லை. முன்வரிசை ஆட்கள் எழுந்து நகரும்போதுதான் அதிகாரி திரும்பினான்.

அவன் கத்தியபோது நாலைந்து பேர்தான் பாக்கி. அவர்களும் போலீஸ்காரர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கூட்டம் அதற்குள் தண்டவாளத்தைத் தாண்டி ரப்பர் காட்டுக்குள் மறைந்துவிட்டது. அதிகாரி துபாசியின் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டு, வாளை உருவிக்கொண்டு அந்த ஒரே வாசலை மறித்து நின்றான். செல்லப்பன் அப்போதுதான் கையை எடுத்தார்.

"எல்லாரும் போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

"போயிட்டாங்க."

ஐந்து மணிக்கு லாரிகள் வந்தன. வேற்றூர்ச் சிப்பாய்கள். காலிக் கொட்டகையைப் பார்த்து விழித்தார்கள். அதிகாரி மேடையைக் காட்ட, ஒருவன் செல்லப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். இன்னொருவன் வேதநாயகியின் தோளில் துப்பாக்கியால் இடித்து நடக்கச் சொன்னான்.

கன்னம் வீங்கிய தங்கராஜு பக்கத்தில் ஓடி வந்தான். "அம்மா, மீசையப் பிச்சுப் போடுங்க. நீங்க பொம்பளைன்னு நான் சொல்லிடுறேன், விட்டுருவாங்க."

வேதநாயகி லாரியைப் பார்த்தாள். மேலே செல்லப்பன் தனியாக உட்கார்ந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவரில்லாமல் இந்தச் சீமையில் அவள் ஒரு பாட்டுக்கூடப் பாடியதில்லை.

மீசையின் இரு முனையையும் விரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டாள். பிறகு ராஜபார்ட்டின் கனத்த குரலில் துபாசியிடம் சொன்னாள்.

"வாயத் தொறக்காதீங்க தம்பி. ரெண்டு ஆம்பளைன்னு எழுதிக்கச் சொல்லுங்க."