அந்தோனியார் பெயரில் ஒரு விலை

விலை பேச வந்தவர்களைச் சந்தியோகு திருப்பி அனுப்பிய ஒவ்வொரு முறையும் அவருடைய வள்ளம் ஒரு முழம் வளர்ந்தது. குருநகரில் இதைப் பார்த்து முதலில் இரண்டொருவர் வாய் பிளந்தார்கள். பிறகு வேலிக்கு வெளியே நீண்ட பகுதியில் உடுப்புக் காயப்போடத் தொடங்கினார்கள்.

அதை அவர் வாங்கியது எண்பத்துமூன்றில். அந்த வருடம் கரையில் ஆளாளுக்கு வள்ளம் வாங்கினார்கள். பாதிப்பேர் பக்கத்து வீட்டான் வாங்கிவிட்டானே என்ற எரிச்சலில் வாங்கியவர்கள், சந்தியோகுவும் அந்த ரகம்தான். மனைவி மக்டலீனின் நகையெல்லாம் அதற்குள் போயிற்று. சுவாமியார் தீர்த்தம் தெளிக்கும்போது வள்ளத்துக்கு வைத்த புனிதரின் பெயரை மட்டும் சொல்வதுதான் வழக்கம். இந்த மனுசன் பெருமை தாங்காமல், "அந்தோனியார்" என்றதோடு கொடுத்த விலையையும் உரத்துச் சொன்னார். அதன் பிறகு ஒரு சதம் குறைத்தாலும் அந்தோனியாரையே குறைத்ததாக அவருக்குப் பட்டது. வீம்புக்குப் புனிதரும் துணை வந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

மறு வருடம் சண்டை மூண்டு, கடலுக்குப் போக அரசாங்கம் தடை போட்டது. வள்ளத்தை முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள். இரும்புக் கடை இஸ்ஸதீன் வந்து பாதி விலை கேட்டார். மகன் வின்சன்றுக்கு அப்போது பதினாறு வயது. அந்த வயதுப் பிள்ளைகளை ஆமி சந்தேகத்தில் பிடித்துக்கொண்டிருந்தது. அவனைப் பிரான்சுக்கு அனுப்ப அந்தப் பாதி விலையே போதும்.

"வித்துப்போட்டுப் பிள்ளையை அனுப்புவம்," என்றாள் மக்டலீன்.

"நட்டத்துக்கு விக்கிறதோ? கடல் திறக்கட்டும், எங்கடை விலைக்கு ஆக்கள் வருவினம்."

இஸ்ஸதீன் போனார், வள்ளம் வளர்ந்தது. வளர்ந்ததைக் கண்டு சந்தியோகுவுக்குத் தைரியம் கூடிவிட்டது. பெரிய வள்ளத்துக்குப் பெரிய விலைதானே! வருடா வருடம் தார் பூசினார், பலகை மாற்றினார், போட்ட காசு வீணாகக்கூடாதென்று இன்னும் போட்டார். வந்தவர்கள் வருடா வருடம் குறைத்துக் கேட்டார்கள். வள்ளத்தின் முன்பக்கம் யன்னலை உடைத்து வின்சன்றின் அறைக்குள் வந்தது. அவன் பாயைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

தொண்ணூறில் இஸ்ஸதீனையும் ஊரிலிருந்த முஸ்லிம் சனங்கள் எல்லோரையும், ஆமியோடு சண்டை பிடித்த இயக்கம் ஊரைவிட்டே துரத்தியது. கடையை விட்டு ஒரு பையோடு போனார். சந்தியோகு அநியாயம் என்று அழுதார், கண்ணைத் துடைத்துக்கொண்டு தார் வாங்கப் போனார். காத்திருந்து அலுத்த வின்சன்ற் அதே இயக்கத்தில் போய்ச் சேர்ந்தான். அடுத்த வருடம் அவனுடைய சவப்பெட்டி வந்தது. திறக்க விடவில்லை.

தொண்ணூற்றுமூன்றில் மண்ணெண்ணெய் இல்லாமல் விறகு பொன்னாகியிருந்தது. சாவகச்சேரியில் விறகுகாலை வைத்து விறகு விற்ற பரமலிங்கம் வந்து வள்ளத்தை அளந்தார். விறகுக் கணக்கில் அவர் சொன்ன தொகை, பத்து வருடத்துக்கு முன் சுவாமியார் முன்னிலையில் சந்தியோகு சொன்ன அதே தொகை. அடுப்படியில் மக்டலீன் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

சந்தியோகு வள்ளத்தின் பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "என்ரை பிள்ளையும் இதுக்குள்ளை போயிட்டான். அவனையும் கூட்டி விலை சொல்லுங்கோ," என்றார்.

பரமலிங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று வள்ளம் அடுப்படிக்குள்ளும் ஒரு முழம் வந்தது. மக்டலீன் அடுப்பை மறுபக்கம் நகர்த்தி வைத்து, ஈர விறகை மறுபடி ஊதத் தொடங்கினாள்.