அறுபத்தொரு சதவீதத்தில் நின்ற கல்யாணம்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். அதை எடுக்கத்தான் மதகடிப்பட்டில் மருந்துக்கடை மாடியில் இருக்கும் ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோ நடத்தும் கல்பனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல ஒரு கல்யாணம் ஓடுது சார். இப்ப அதத் தொட்டா செத்துரும். செத்த குந்துங்க."

குந்தினேன். புகைப்படத்தை மறுநாள்தான் வாங்கினேன்.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: 'திரையில் பச்சைக் கோடு மணப்பெண்ணைப் போல நாணி நாணி—'

[நிறுத்திவிட்டேன். வேலை எவ்வளவு ஆயிற்று என்று காட்டும் அந்தக் கோடு நீலம். நாணவும் இல்லை.]

அடுத்து: 'தொழில்நுட்பம் கிராமங்களுக்குள் நுழைந்த பிறகு—'

[புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டுக் கொம்யூன் பஞ்சாயத்துக்குள் அது நுழைந்து எவ்வளவோ காலமாகிறது. இப்படித் தொடங்கும் கட்டுரைகள்தான் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.]

ஆகவே, செய்தியாகவே சொல்கிறேன். கல்பனா வில்லியனூரில் ராஜ்மோகன் என்பவரின் ஸ்டூடியோவில் எடிட்டராக இருந்தவர். விலகிவந்து சொந்தமாகக் கடை போட்டிருக்கிறார். செல்லிப்பட்டு அமுதத்தின் மகள் அருள்மொழியின் கல்யாணம்தான் அவர் பெயரில் வந்த முதல் பெரிய வேலை. நிச்சயதார்த்தம், நலங்கு, வரவேற்பு, முகூர்த்தம் எல்லாம் வெட்டில்லாமல் ஒரே படமாக வேண்டும் என்று அமுதம் சொல்லியிருந்தார். கல்பனா படத்தை ஒரே கோப்பாக வெளியே எடுக்கப் பார்க்கிறார். அறுபத்தொரு சதவீதம் வந்ததும் மென்பொருள் தானாக மூடிக்கொள்கிறது. மன்னிப்புக் கேட்டு ஒரு சின்னக் கட்டம் வரும், அவ்வளவுதான்.

2

நான் உட்கார்ந்திருக்கும்போதே அது இன்னொரு முறை மூடிக்கொண்டது. அதே நேரம் அமுதம் படியேறி வந்தார்.

"இன்னாடி, ஆச்சா?"

"இல்லக்கா. நிக்குது."

"எங்க நிக்குது?"

"வரவேற்புல."

"வரவேற்புலயே நின்னா தாலி எப்பக் கட்டறது? வெள்ளிக்கிழம மாப்ள சார்ஜாவுக்குக் கிளம்பறாரு. நாளைக்கி சொந்தக்காரன்லாம் வூட்டுக்குப் படம் பாக்க வரான். சாயந்தரத்துக்குள்ள ஆவலன்னா சொல்லிடு, ராஜ்மோகன்கிட்டயே குடுத்துடறேன்."

கல்பனாவின் முகம் சட்டென்று—

[இங்கே ஓர் உவமை இருந்தது. அடித்துவிட்டேன். அவர் தண்ணீர் குடித்தார். நான் பார்த்தது அதைத்தான்.]

"குடுக்க வேணாக்கா. இங்கயே ஆவும்."

3

ராஜ்மோகனை என்ன செய்வது என்று தெரியவில்லை. முதல் வரைவில் அவர் மீசையை முறுக்கினார், போனில் சிரித்தார், "பொம்பளைக்கு எதுக்கும்மா சொந்தக் கடை" என்றார். அந்த வரி வாசகர்களுக்குப் பிடித்திருக்கும்.

அதை எழுதிய பிறகு கதை நகரவே இல்லை.

கல்பனாவின் கம்ப்யூட்டரும் நகரவில்லை. தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டார், போனில் எடுத்த துண்டுகளை வேறு வடிவத்துக்கு மாற்றிவிட்டார், மெமரி கூட்டிவிட்டார், மென்பொருளைப் புதுப்பித்துவிட்டார். எல்லாம் முடித்த பிறகுதான், வேறு வழியில்லாமல், ராஜ்மோகனுக்கே போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"இன்னாம்மா கல்பனா, பெரிய ப்ராஜெக்டா? பெருசுன்னா நிக்கத்தான் செய்யும். நாலாப் போட்டு எடுத்துரு. நாங்க எல்லாம் அப்படித்தான எடுக்கறோம்."

"அவங்க ஒண்ணா கேக்கறாங்கண்ணா."

"கேப்பாங்க. நெலாவக் கூடக் கேப்பாங்க."

(குறிப்பு: உண்மையில் அவர் பேசியது இவ்வளவுதான். மீசையை முறுக்கவில்லை. மீசை இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது.)

4

கல்பனா நான்காகப் போட்டுப் பார்த்தார். ஒன்று வந்தது, இரண்டு வந்தது, நான்கும் வந்தது. மூன்று மட்டும் நின்றது.

"பாத்தீங்களா சார்?" குரல் ஏறியது. "நீளந்தான் கோளாறுன்னா எதுக்கு மூணு மட்டும் நிக்குது? படம் பெருசுங்கறது கோளாறே இல்ல. உள்ள ஒருத்தன் இருக்கான்."

மூன்றாம் பகுதியை இரண்டாக்கினார். வந்த பாதியை ஒதுக்கினார். நின்ற பாதியை மறுபடி இரண்டாக்கினார். பிறகு அதையும். ராஜ்மோகன் வெட்டச் சொன்னது வேலையை முடிக்க. இவர் வெட்டியது ஆளைப் பிடிக்க.

நானும் வீட்டில் இதையே செய்தேன். நின்றுபோன கதையில் பாதியை மறைத்துக்கொண்டு மீதியைப் படித்தேன். பழுது மீசைப் பத்தியில் இருந்தது. எடுத்ததும் கதை ஓடியது.

5

உள்ளே இருந்தவன் ஒரு பேனர்.

மண்டப வாசலில் வைத்த வரவேற்பு பேனர். அதில் சொந்தக்காரர்கள் எல்லோருடைய முகமும் உண்டு. படத்தில் கேமரா ஒவ்வொரு முகமாக மெல்ல நகர்ந்து போக வேண்டும் என்று கேட்டவர் அமுதம். பேனர் கடையில் அச்சு மெஷினுக்குப் போன அதே கோப்பை வாங்கி வந்து கொடுத்ததும் அவர்தான். சுவரளவு கோப்பு அது. எடிட் செய்யும்போது திரை அதைச் சுருக்கித்தான் காட்டியது, அதனால் தெரியவில்லை. வெளியே எடுக்கும்போது அதன் முழு அளவையும் தூக்க முடியாமல் மென்பொருள் விழுந்திருக்கிறது.

"அதச் சின்னது பண்ணிடு," என்றார் அதுவரை கிளம்பாமல் இருந்த அமுதம்.

"பண்ணா பின்வரிசை மூஞ்சியெல்லாம் கலங்கிடும்க்கா."

"ஐயையோ! பேனர்ல மூஞ்சி சின்னதாப் போட்டான்னு பெரிய மாமன் பந்தியிலயே குந்தல. படத்துலயும் கலங்குனா பேச்சே போயிரும்டி."

சின்னதாக்கியிருந்தால் வேலை அப்போதே முடிந்திருக்கும். இந்த இடத்தில் யாராக இருந்தாலும் சின்னதாக்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். கல்பனா மூலக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாக வெட்டி, திரை அளவுக்கு வைத்து, வரிசையாகக் கோத்தார். அமுதம் பக்கத்தில் நின்று உறவுமுறை சொன்னார். பெரிய மாமன் திரை முழுக்க வந்தார்.

"யம்மா! நேர்ல கூட இவ்ளோ பெருசு இல்ல."

நீலக் கோடு மறுபடி கிளம்பியது. ஐம்பத்தெட்டு. அறுபது. அறுபத்தொன்று. அமுதம் கல்பனாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அறுபத்திரண்டு.

நூறு வந்தபோது வெளியே இன்னும் வெயில் இருந்தது. ஒரே கோப்பு. படத்தின் கடைசியில் 'எடிட்டிங்: கல்பனா, மதகடிப்பட்டு' என்று வந்தது. அவர் அதை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். பிழை தேடுவதற்காக அல்ல.

6

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் போன் அடித்தது. ராஜ்மோகன்.

"இன்னாம்மா, நாலாப் போட்டியா?"

"ஒண்ணாவே வந்துருச்சுண்ணா."

ராஜ்மோகன் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு பாகூர் கல்யாணம் ஒண்ணு நிக்குதும்மா. அதுவும் பாதிக்கு மேல போய் நிக்குது. எதுல இருந்துச்சு கோளாறு?"

அமுதம் வாயில் விரல் வைத்து, சொல்லாதே என்று தலையாட்டினார்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கல்பனா எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். படிக்க நன்றாக இருந்தது, நல்லொழுக்கப் பாடம் மாதிரி. இன்னொன்றில், "பெருசுன்னா நிக்கத்தான்ணா செய்யும்" என்கிறார். நான் சிரித்தேன், பிறகு அவ்வளவு பிடிக்கவில்லை. மூன்றாவதில், "ஹார்டு டிஸ்க எடுத்துக்குனு மதகடிப்பட்டு வாங்கண்ணா, பாக்கலாம்" என்று—

[என் சாய்வு இதன் பக்கம். அதனாலேயே இதை நம்பவில்லை.]

கல்பனா உண்மையில் சொன்னதை நான் கேட்டேன். எழுதப் போவதில்லை. கண்டுபிடித்தவர் அவர். அதைச் சொல்வதா, விற்பதா, வைத்துக்கொள்வதா என்பது அவர் உரிமை. உங்களுக்கு வேண்டுமானால் கல்பனாவின் நாற்காலியில் உட்கார்ந்து நீங்களே பதில் சொல்லிப் பாருங்கள். போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. ராஜ்மோகன் இன்னும் வைக்கவில்லை.