ஒரு நொடி தாமதமாக விழிக்கும் கேமரா

எங்கள் மலையூரில் பதினோரு வீடுகள். நான்கில் ஆள் இல்லை. மீதி ஏழு வீட்டு நிலத்துக்கும் குரங்கு விரட்ட ஒரே நாய் இருந்தது, அது என்னுடையது. பெயர் ரிக்கு. டவுனில் நடந்த பயிற்சிக்கு நான்தான் நான்கு மாதம் கூட்டிப் போய் வந்தேன். பகலில் அவனை அவிழ்த்துவிட ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். அதன் பிறகு ஒன்பது வருடம், யார் வீட்டுச் சர்க்கரைவள்ளியையும் குரங்கு தோண்டவில்லை, காளான் வளர்க்கும் கட்டைகளை உருட்டவில்லை. ஊர் அதை எத்தனை சீக்கிரம் மறந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் மறந்தவள் நான். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

போன அக்டோபரில் அடுத்த வீட்டு இனோகுச்சியின், மரியாதையாகச் சொன்னால் இனோகுச்சி சானின், கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எட்டில் மூன்று. எல்லாம் காலையில், அவர் கூண்டைத் திறந்துவிட்ட கொஞ்ச நேரத்தில். நான் ரிக்குவை அவிழ்த்துவிடும் நேரமும் அதுதான். ஒரு நாள் அவர் முள்ளங்கி ஊறுகாயோடு வந்து வாசலில் உட்கார்ந்தார். குளிரைப் பற்றிப் பேசினார், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். கடைசியில், கிண்ணத்தைப் பார்த்தபடியே விஷயத்துக்கு வந்தார்.

"ரிக்குவுக்கும் வயசாகுதுல்ல. கண்ணு நல்லாத் தெரியுதா? குரங்குன்னு நெனச்சு வேற எதையாச்சும்..."

எங்கள் பக்கத்தில் இது கன்னத்தில் அறைந்ததற்குச் சமம். நேராகத் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. என் நாய்தான் என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றேன். ஐயோ, அப்படிச் சொல்லவே இல்லையே என்றார். அன்று சாயங்காலத்துக்குள், சொல்லாத அந்தப் பேச்சு ஏழு வீட்டுக்கும் போய்விட்டது. ஊர்த்தலைவர் ஓதானி போன் செய்து, அவசரமில்லை, ஆனால் விஷயம் தெளியும்வரை ரிக்குவைக் கட்டிவைத்தால் எல்லோருக்கும் நிம்மதி என்று மென்று மென்று சொன்னார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. கட்டமாட்டேன், கூண்டுக்கு எதிரே கேமரா வைக்கிறேன், அதில் வருவதை ஊரே உட்கார்ந்து பார்க்கட்டும் என்றேன். என் நாய்தான் என்று தெரிந்தால் என் கையாலேயே அதன் கதையை முடிக்கிறேன் என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தையை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மறுநாளே கணவர் யாசுனோரியோடு டவுனுக்குப் போனேன். வலை, பொறி, வேலிக் கம்பி விற்கும் நோகமியின் கடை. அவள் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தாள். எல்லாம் எதிரே ஏதாவது நடமாடினால் தானாகப் படம் எடுப்பவை. முதலாவது எடுத்த படத்தைக் கையோடு செல்போனுக்கு அனுப்பும். இரண்டாவது கண்ணிமைப்பதற்குள் விழித்துக்கொள்ளும், முதுகில் சின்னத் திரையும் நான்கைந்து பொத்தான்களும் உண்டு. மூன்றாவது வெறும் பச்சைப் பெட்டி. ஒரு விசை, ஒரு கார்டு, அவ்வளவுதான்.

"இது மெதுவா மேயற மான், பன்னிக்குச் சரி," என்றாள் நோகமி மூன்றாவதைத் தொட்டு. "ஓடறதுக்கு ஆகாதுங்க. முழிச்சுக்கவே ஒரு நொடிக்கு மேல ஆகும்."

"ஒரு நொடிதானே. நான் காலைல எழுந்திரிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு இவரக் கேளு."

யாசுனோரி சிரிக்கவில்லை. இரண்டாவதை வாங்கு, கோழி திருடுவது நின்று போஸ் கொடுக்காது என்றார். என் கணக்கு வேறாக இருந்தது. செல்போனுக்கு வந்தால், வேண்டாததை அழித்துவிட்டாள் என்பார்கள். திரையும் பொத்தானும் இருந்தாலும் அதையேதான் சொல்வார்கள். பச்சைப் பெட்டியில் பார்க்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஓடும் விலங்கின் வேகத்தைப் பார்த்து வாங்கவேண்டியதை ஊரார் வாயைப் பார்த்து வாங்கினேன்.

கூண்டுக்கு எதிரே இருந்த சீமைப்பனிச்சைப் பழ மரத்தில் முழங்கால் உயரத்தில் பெட்டியைக் கட்டினோம். மூடியின் மேல் குறுக்காகக் காகிதம் ஒட்டி, ஓதானியைத் தன் முத்திரையைக் குத்தச் சொன்னேன். இவ்வளவு வேண்டுமா என்று அவரே கூச்சப்பட்டார். வேண்டும் என்றேன். ஆறு நாள் போயிற்று. அதற்குள் இன்னும் இரண்டு கோழிகள் போயின. ஏழாம் நாள், ஊர்க்கூடத்துக்குப் போவதற்கு முன் நாம் மட்டும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்றார் யாசுனோரி. இன்னொரு முறை அப்படிச் சொன்னால் உங்களோடு பேசமாட்டேன் என்றேன்.

கூடத்தில் தேநீரும் அரிசி வறுவலும் வைத்திருந்தார்கள். ஓதானி முத்திரையை எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கிழித்து, கார்டை டிவியில் செருகினார். இனோகுச்சி சான் குனிந்து தீனி போடும் படங்கள் வரிசையாக வந்தன, முகம் ஒன்றிலும் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். காக்கை வந்தது. இரண்டு படங்களில் வெறும் புல். காற்றுக்கு எடுத்திருக்கும் என்று ஓதானி தள்ளிவிட்டார்.

அடுத்ததில் ரிக்கு. நாலுகால் பாய்ச்சல், வாய் திறந்திருக்கிறது, காது பின்னால் மடங்கியிருக்கிறது. அவனைச் சுற்றிக் காற்றில் பழுப்பு இறகுகள். ஓரத்தில் காலை ஆறு பன்னிரண்டு என்று மணி.

முதலில் வாயைத் திறந்தவர் இனோகுச்சி சான். "கட்டி வச்சாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம். நெஜமாத்தான் சொல்றேன்." அவர் கண் கலங்கியிருந்தது. ஆமாம் ஆமாம், கட்டினால் போதும் என்று மற்ற எல்லோரும் சொன்னார்கள். நான் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் ரிக்கு இன்றைக்கும் என் வாசலில் படுத்திருப்பான். சொன்ன சொல் மாறமாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

சொன்ன சொல் என்பதெல்லாம் ஒரு பக்கம். எனக்கு அவன் மேல் கோபம். ஏழு வீட்டுக்கு நடுவே என் தலையைக் குனியவைத்துவிட்டானே என்ற கோபம். கோழி வந்து தன் தட்டில் கொத்தினால் தள்ளி நின்று காத்திருப்பவன் அவன், அதை ஒன்பது வருடமாகப் பார்த்தவள் நான். ஒரு படம் போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே ஓடிவந்தான். நான் அவனைத் தொடவில்லை.

"அது கோழி புடிக்கற மூஞ்சி இல்ல," என்றார் யாசுனோரி. "குரங்கு பின்னாடி ஓடறப்ப இருக்கற மூஞ்சி. உனக்கா தெரியாது?"

"படத்துல இருக்கறது தெரியுது."

டவுன் கால்நடை மருத்துவர் ஊசியை எடுப்பதற்கு முன் மூன்று முறை கேட்டார். கட்டி வளர்க்க முடியாதா, வேறு யாருக்காவது கொடுக்கக் கூடாதா, ஒரு வாரம் யோசிக்கக் கூடாதா. ஒருமுறை ரத்தம் பழகிய நாய் திருந்தாது என்று நான் அவருக்கே பாடம் எடுத்தேன். மேஜை உயரமாக இருந்தது. ஏறு என்றேன். ஏறினான். படு என்றேன். படுத்தான். அவனுக்கு நான் கொடுத்த பயிற்சி அப்படி.

பதினோரு நாள் கழித்து இனோகுச்சி சான் என் வாசலுக்கு ஓடிவந்தார். கையில் ஊறுகாய் இல்லை. இன்னொரு கோழி, என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கூட்டம் முடிந்த அன்றே ஓதானி வேறு கார்டு போட்டு மறுபடி முத்திரை குத்தி வைத்த பெட்டி மரத்திலேயே இருந்தது. காகிதத்தைக் கிழித்து அதைத் திறந்து, கார்டை வீட்டு டிவியில் செருகினேன். அன்று காலை எடுத்த படத்தில் வெறும் புல்தான் இருந்தது.

பழைய கார்டையும் புதியதையும் எடுத்துக்கொண்டு நோகமியிடம் போனேன். அவள் வெறும் புல் இருந்த படங்களை ஒவ்வொன்றாக நெடுநேரம் பார்த்தாள்.

"வெயில் ஏறாத நேரத்துல காத்துக்கெல்லாம் இது எடுக்காதுங்க. ஒடம்புச் சூடு வேணும். சூடா ஏதோ ஒண்ணு குறுக்கப் போயிருக்கு. இது முழிச்சுக்கறதுக்குள்ள தாண்டிடுச்சு." பிறகு ரிக்குவின் படத்துக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "இதுலயும் மொதல்ல அதுதான் போயிருக்கும். தொரத்திட்டு வந்தவன் மாட்டிக்கிட்டான்."

வேகமாக விழிக்கும் கேமராவை இரவல் கொடுத்தாள். மூன்றாம் நாளே படத்தில் நரி விழுந்தது. வாயில் கோழி, மீசைமயிர்கூட எண்ணிவிடலாம், அத்தனை தெளிவு. பெரிதாக அச்செடுத்து ஊர்க்கூடப் பலகையில் குத்தினேன். யாரும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்தவர்களெல்லாம் இந்த வருடக் குளிரைப் பற்றிப் பேசினார்கள். ஒரு வாரத்தில் படத்தை யாரோ எடுத்துவிட்டார்கள்.

நவம்பரிலேயே குரங்குகள் வந்துவிட்டன. கிழங்கு, முள்ளங்கி, மரத்தில் விட்டுவைத்த பழம் எல்லாம் போயிற்று. கூரை மேல் உட்கார்ந்து தின்றன. உண்மையைச் சொன்னால், அதைப் பார்க்க எனக்கு இனித்தது. நன்றாக அனுபவியுங்கள் என்று குளிர்காலம் முழுக்க மனதுக்குள் ஊரைக் கருவிக்கொண்டிருந்தேன்.

பனி உருகியதும் ஓதானியும் இனோகுச்சி சானும் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி. மற்ற ஆறு வீடும் சேர்ந்து பார்த்துப் பொறுக்கியதாம், பயிற்சிக்கும் பெயர் கொடுத்துவிட்டார்களாம். நீங்கள் வளர்த்தால்தான் சரிப்படும் என்று ஓதானி தரையைத் தொடக் குனிந்தார். குட்டி பெட்டியின் விளிம்பில் கால் வைத்து எழும்பி என் விரலை நக்கியது. நான் கையை இழுத்துக்கொண்டு, வேண்டாம் என்றேன்.

"எங்க மேல கோவம் இன்னும் தீரலையா?" என்று கேட்டார் இனோகுச்சி சான்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அவர்களும் அதை வாங்கிக்கொண்டு போகத் தயாராகத்தான் நின்றார்கள்.

"உங்க மேல என்ன கோவம், இனோகுச்சி சான். கட்டி வச்சாப் போதும்னுதானே நீங்க சொன்னீங்க." குட்டி இன்னும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. "எடுத்துட்டுப் போயிடுங்க. இதுவும் நான் ஏறுன்னா ஏறும்."