சாவிக்கட்டை

மெர்வின் வருகிறார் என்று என் கணவர் குருபிரசாத் விடிந்ததிலிருந்து கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க மட்டும்தான் அவர் லாயக்கு. உள்ளே இருப்பவை மரப்பூட்டுகள். ஆணியோ பசையோ இல்லாமல், கட்டைக்குள் கட்டை கோத்துச் செய்த புதிர்கள். தேடிப் பிடித்து வாங்குவார். உருட்டிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், படம் எடுத்துச் சேகரிப்பாளர்களின் வாட்ஸப் குழுவில் போடுவார். இன்றுவரை ஒன்றைக்கூடக் கழற்றியதில்லை. கழற்றினால் திரும்ப மாட்டத் தெரியாது என்கிற பயம். ஆபீசில் கோப்புகளையும் இப்படித்தான் திறக்காமலே அடுத்த மேசைக்குத் தள்ளுவார் என்று நினைக்கிறேன்.

ஆனால் வாய்க்குக் குறைச்சல் கிடையாது. "அந்த ஈட்டி உருண்டையா? கண்ண மூடிக்கிட்டே கழத்திருவேன்" என்று அவர் குழுவில் பேசிப் போட்டதை அடுக்களையிலிருந்து கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். அதைக் கேட்டுத்தான், குழுவை நடத்தும் மெர்வின் தூத்துக்குடியிலிருந்து நேரில் பார்க்க வருகிறார். அவர் சரி என்றால் மதுரைக் கண்காட்சியில் இவருக்கு ஒரு மேசை உண்டு. அது கிடைத்துவிட்டதாகவே பாளையங்கோட்டை முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

ஈட்டி மரத்தில் செய்த அந்தக் கருத்த உருண்டையை நான் கழற்றியிருக்கிறேன். நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தின் லீவில், அவர் ஆபீஸ் போன பிறகு. முதலில் எரிச்சலில்தான் கையில் எடுத்தேன். எனக்கு ஒரு மாவு டின் வைக்க இடமில்லாத வீட்டில் இதுகளுக்குக் கண்ணாடி அலமாரி! எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கட்டை முனைகள். அதில் ஒன்றை மட்டும் பெருவிரலால் அழுத்திக்கொண்டே தள்ளினால் நழுவும். அதுதான் சாவிக்கட்டை. அது வந்துவிட்டால் மற்றதெல்லாம் பொலபொலவென்று மடியில் விழும். மாட்டத்தான் உயிர் போயிற்று. நான் மாட்டப் படித்து முடிக்கும்வரை துண்டுகள் உளுந்து டின்னுக்குள் கிடந்தன. அதன் இடத்தில் வேறொன்றை நகர்த்தி வைத்திருந்தேன். தினமும் துடைக்கிறவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இதை அவரிடம் சொல்லவில்லை. பெண்டாட்டி கழற்றிய பூட்டு அவருக்கு அப்புறம் பூட்டே இல்லை.

நேற்று சரஸ்வதி பூஜை. புத்தகம், அரிவாள்மணை, ஸ்கூட்டர் சாவி வரிசையில் அந்த உருண்டையையும் கொண்டுவந்து வைத்தார். திறக்கத் தெரியாத பொருளுக்குப் பூஜை ஒரு கேடு. எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள் அதற்கும் வைத்தேன், சாவிக்கட்டையின் முனையில். கை தவறி வைத்ததில்லை. என்னதான் இளக்காரமாக இருந்தாலும், இந்த மனிதர் அடுத்தவர் முன்னால் முழிப்பதை என்னால் பார்க்க முடியாது. மஞ்சளாக ஒரு பொட்டு கண்ணெதிரே இருந்தால் எவருக்கும் விரல் முதலில் அங்கேதான் போகும் என்று நம்பினேன்.

மெர்வின் வந்து உட்கார்ந்தார். "அண்ணாச்சி, பேச்சுல கேட்டது போதும். கண்ணால பாத்திருவோம்" என்றார்.

மறுபூஜை முடிந்து அலமாரிக்குத் திரும்பியிருந்த உருண்டையை இவர் எடுத்தார். பொட்டைப் பார்த்தார். நான் காப்பித் தட்டோடு அப்படியே நின்றேன்.

"என்னத்தத் தடவி வச்சிருக்கா பாருங்க. ஈட்டி மரம்! கறை பிடிச்சிராதா?"

பூஜைச் சந்தனத்தை எச்சில் தொட்டுத் துடைத்தார். வேட்டி நுனியால் அழுத்தித் தேய்த்தார். வெளிச்சத்தில் காட்டி, ஒரு துளி மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு திருப்பினார், திருப்பினார், திருப்பிக்கொண்டே இருந்தார். இப்போது எல்லா முனையும் ஒன்றுதான். நெற்றி வேர்த்துவிட்டது.

"மழ ஈரத்துக்கு மரம் ஊதியிருக்கு போல."

"ஈட்டி அம்புட்டு லேசுல ஊதாதே, அண்ணாச்சி" என்ற மெர்வின், சங்கடப்பட்டோ என்னவோ, காப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து அலமாரிப் பக்கம் திரும்பி நின்றார்.

"சுகிர்தா!" எங்களுக்குள் என்றால் ஏட்டி, ஆள் இருந்தால் சுகிர்தா. "உன் சந்தனம் இடுக்குக்குள்ள போயி ஒட்டிக்கிட்டு. இதத் தொடாதன்னு எத்தன மட்டம் சொல்லியிருக்கேன்?"

எனக்குக் காது வரை எரிந்தது. தட்டை வைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்தேன்.

"குடுங்க. பாக்குதேன்."

பெருவிரல் தானாகவே இடத்தில் போய் நின்றது. அழுத்தித் தள்ளினேன். சாவிக்கட்டை ஒரு நகத்தளவு வெளியே வந்தது. பக்கங்கள் சுத்தமாக இருந்தன, சந்தனத்தின் வாசம்கூட இல்லை. அதை அவர் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"ஏட்டி..." என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அலமாரி முன்னாலிருந்து மெர்வின் திரும்பினார். "என்ன மதினி, ஒட்டித்தான் போச்சா?"

கட்டை இன்னும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. என் பெருவிரல் அதன் மேல் இருந்தது.