இலை போட்ட பாட்டில்

தெருவில் எல்லோருக்கும் அவன் மருந்துக்காரன்தான். கரப்பான், கறையான், மூட்டைப்பூச்சி எதுவானாலும் முதுகில் டப்பாவை மாட்டிக்கொண்டு வந்து அடித்துவிட்டுப் போவான். ஆனால் அந்த டப்பா அவன் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. வேலை முடிந்து வந்தால் கதவுக்கு வெளியிலேயே சட்டையையும் பேண்டையும் கழற்றி மூடி போட்ட வாளிக்குள் திணிப்பான். துண்டைக் கட்டிக்கொண்டு நேரே குளியலறை. சோப்பு போட்டுத் தேய்த்த பிறகுதான் மனைவியின் பக்கத்தில் வந்து உட்காருவான்.

காரணம் இல்லாமல் இல்லை. அவளுக்கு இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்து போயிருந்தது. பூச்சி மருந்தால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இவன் துருவிக் கேட்டதற்கு, "உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்கள். அதையே இவன் தீர்ப்பாக எடுத்துக்கொண்டான். அவள் ஒரு நாளும் அவனைக் குற்றம் சொன்னதில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் மனுஷனுக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு வந்ததுதான் மேனேஜர். மாடிப்படியில் மழைக்கு ஒதுங்கிய சாம்பல் நிறப் பூனை. தூக்கி வந்த அன்றே அடுப்படி, அலமாரி, கட்டிலடி என்று ஓர் இடம் விடாமல் மேற்பார்வை பார்த்ததால் அந்தப் பெயர். மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் பூனைக்கு மீன் வேகவைக்க எழுந்தாள். பிறகு தனக்கும் சமைத்தாள். ஒரு நாள் அது அலமாரிக்கு மேலிருந்து குதிக்கத் தெரியாமல் விழித்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அவன் குளியலறைக்குள் போய் அழுதான்.

அப்புறம் மேனேஜர் மேல் தெள்ளுப்பூச்சி ஏறியது. கால்நடை டாக்டரம்மா சின்னக் குழாய் ஒன்றைக் கொடுத்து, பிடரியில் சொட்டு விடச் சொன்னார். அவன் அட்டையைத் திருப்பிப் படித்தான். முகம் மாறியது.

"இது எங்க டப்பால இருக்கிற சாமான். கறையானுக்கு அடிக்கிறது."

"டாக்டர் குடுத்ததுங்க" என்றாள் அவள்.

"குடுப்பாங்க. ராத்திரி அது படுக்கிறது உன் வயித்து மேல. அவங்க மேலயா?"

குழாய் குப்பைக்குப் போனது. அவனுடைய அக்கா போனில் வேறு வழி சொன்னாள். "டீ ட்ரீ ஆயில்னு விக்குது. வாங்கித் தடவு. செடியிலேர்ந்து எடுக்கிறது. இயற்கைதானே, என்ன ஆயிடப் போகுது?"

கையடக்கப் பாட்டில். மேலே பச்சை இலைப் படம். அவன் தொழிலில் ஆபத்து என்பது மண்டையோட்டைப் போட்டுக்கொண்டு, கை உறையை மாட்டு, மூக்கை மூடு என்று தானாகவே அதட்டும். பிழைப்பு முழுக்க அந்த அதட்டலைக் கேட்டுப் பழகியவனுக்கு, அதட்டாத பாட்டில் சாதுவாகத் தெரிந்தது. தண்ணீர்கூடக் கலக்காமல், காது முதல் வால் வரை வெறுங்கையால் தேய்த்துவிட்டான். ஒரு பூச்சியை வெறுங்கையால் விரட்டுவது அவனுக்கு அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அந்த மடையனுக்கு.

மேனேஜர் கீழே இறங்கி நக்க ஆரம்பித்தது. நெஞ்சு, வயிறு, கால் இடுக்கு, மறுபடி நெஞ்சு.

"நீங்க பண்ணின வேலையில மேனேஜருக்குத் திருப்தி இல்ல" என்றாள் அவள். "முதல்லேர்ந்து அவரே பண்றாரு."

இருவரும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள்.

காலையில் பூனையின் பின்னங்கால்கள் பின்னின. வாயோரம் எச்சில் வழிந்தது. "நிக்கவே மாட்டேங்குதுங்க" என்று அவள் பதறினாள். "வாடைக்குக் கிறுகிறுன்னு இருக்கும், சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குக் கிளம்பினான். சாயங்காலம் வந்து கதவுக்கு வெளியே சட்டையைக் கழற்றும்போது, அவள் போர்வைச் சுருட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பூனை வெடவெடவென்று உதறிக்கொண்டிருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது.

"சரியாயிடும்னு சொன்னீங்களேன்னு பாத்துட்டே இருந்தேன்" என்றாள்.

டாக்டரம்மா போர்வையை விலக்கியதுமே வாடை பிடித்துவிட்டார். "என்ன தடவினீங்க?"

"இயற்கை எண்ணெய்தான் மேடம்."

"பூனையோட ஈரலுக்கு இதை முறிக்கத் தெரியாது. தோல் வழியா கொஞ்சம் போச்சு, மிச்சத்தை அதுவே நக்கி உள்ள தள்ளியிருக்கு. நேத்தே பாத்திரம் தேய்க்கிற சோப்பால கழுவித் தூக்கிட்டு வந்திருந்தா, போராடிப் பாத்திருக்கலாம். நான் குடுத்த மருந்து என்னாச்சு?"

"எங்க டப்பால இருக்கிற அதே பேரு..."

"பேரு ஒண்ணுதான். இது பூனை எடைக்கு அளந்த சொட்டு. பிடரியில விடச் சொன்னதே அங்க அதுக்கு நாக்கு எட்டாதுன்னுதான்."

ஊசி போட்டு, வெந்நீர்ப் பை வைத்து, சொட்டு சொட்டாகத் திரவம் ஏற்றினார்கள். பாட்டில் பாதி இறங்குவதற்குள் மேனேஜரின் உதறல் நின்றுவிட்டது. அவள் குணமாகிவிட்டதென்று நினைத்து டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் இனி எந்த சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போக்க முடியாது.

பூனை போனாலும் பூச்சி போகவில்லை. குடியிருந்த உடம்பு இல்லாமல் போனதும் பாய், தலையணை, தரை இடுக்கு எங்கிருந்தும் கிளம்பி மனிதரைக் கடித்தன. அவள் மறுபடி கட்டிலோடு ஒட்டிக்கொண்டாள். கணுக்காலெல்லாம் தடிப்பு. சொறியக்கூட இல்லை.

ஒரு சாயங்காலம் அவன் கதவுக்கு வெளியே நின்று சட்டைப் பொத்தானில் கை வைத்தான். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கழட்ட வேணாம். அப்படியே வாங்க. டப்பாவையும் எடுத்துட்டு வாங்க. பூச்சி பிடுங்குது."

"மருந்து உனக்கு..."

"இனிமே இங்க யாருக்கு என்ன ஆயிடப் போகுது?"

அவன் பொத்தானிலிருந்து கையை எடுத்தான். பிறகு கை உறையை மாட்டி, டப்பாவைத் தூக்கிக்கொண்டு, வேலைச் சட்டையோடு தன் வீட்டுக்குள் முதல் முறையாக நுழைந்தான்.

"கொஞ்ச நேரம் வெளிய போய் உக்காரும்மா" என்றான், எல்லா வீட்டிலும் சொல்வதுபோல.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.