பதினோரு செவ்வாய்க்கிழமைகள்

அம்மாவுக்கு உடுத்த வெள்ளைச் சேலையை அலமாரியின் அடித்தட்டிலிருந்து உருவியபோது, கூடவே ஒரு நீலக் கோப்பும் ஸ்மைலினின் காலில் விழுந்தது. வாசலில் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். அடக்கம் மூன்று மணிக்கு.

கோப்பில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள். மேலே கிடந்த சீட்டின் தேதியைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த சீட்டு, அதற்கடுத்தது. கடைசியாக இந்த வாரத்துச் சீட்டு. அது போக பதினோரு தேதிகள், எல்லாம் செவ்வாய்க்கிழமை. இரண்டு வாரமாக அவள் தூக்கத்தைக் கெடுத்த அதே தேதிகள்.

கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றிய அவளுடைய முதல் கட்டுரை ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்குப் போயிருந்தது. அது வெளிவந்தால்தான் பட்டம். அவள் திருநெல்வேலியில் விடுதியில் கிடக்க, இராஜாக்கமங்கலத்து வீட்டுக் கிணற்றை அளந்தது அம்மா சத்தியபாய். அப்பா போனபிறகு அவள் அங்கே தனி. தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு வாளி கோரி, உப்பு அளக்கும் மீட்டரை முக்கி, வருகிற எண்ணை நோட்டில் எழுத வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவள் இரண்டு வருஷம் எழுதினாள். கட்டுரை போன பிறகும் நிறுத்தவில்லை.

முகம் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் அட்டவணையைத் துருவித் துருவிப் பார்த்திருந்தார். பதினோரு நாள்களில் முந்தின நாள் எண்ணே இருக்கிறது, காரணம் என்ன, மூல நோட்டைப் படமெடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். பதில் அனுப்ப இன்று மாலை ஐந்து மணி கடைசி.

போன வாரம் ஸ்மைலின் போனில் கத்தியிருந்தாள்.

"பாத்து எழுதாம கள்ளமா எழுதினியா? எனக்க அஞ்சு வருஷத்த நாசமாக்கிட்டியேம்மா!"

அம்மா சொன்னது இவ்வளவுதான்: "தெரியாம செய்துட்டேன் மக்கா. இனி செய்யமாட்டேன்."

அதன்பிறகு அம்மா மூன்று தடவை கூப்பிட்டாள். இவள் எடுக்கவில்லை. நேற்று மத்தியானம் சித்திதான் கூப்பிட்டாள்.

சேலை வாங்க வந்த சித்தி, கோப்பைக் கண்டதும் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா சித்தி?"

"விடியக்காலம் அஞ்சு மணி மொத பஸ்ஸுல நாந்தான் கூட்டிட்டுப் போவேன். ஹார்ட்டு வீங்கிக் கெடக்குன்னாரு டாக்டரு. ஒனக்க படிப்பு கெட்டுரும், பிள்ளைட்ட சொல்லப்பிடாதுன்னு பைபிள்ல கைய வச்சு சத்தியம் வாங்கிட்டா. கட்டம் காலியா கெடந்தா நீ ஏன்னு கேப்பன்னு, முந்தின நாளு நம்பரையே போட்டுட்டு வருவா."

சித்தி சேலையை வாங்கிக்கொண்டு அழுதபடியே போனாள். ஸ்மைலினுக்கு அழுகைகூட வரவில்லை. யாரிடம் போய் என்ன சொல்வது?

அவளுடைய ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் செல்வதாஸ் மாலையோடு வந்தார்.

"கட்டுரைய நெனச்சு கலங்காத. நான் மெயில் போட்டு தவணை கேக்கேன்."

"வேண்டாம் சார். காரணம் கிடைச்சிட்டு."

"என்ன காரணம்?"

அவள் மாலையை வாங்கிக்கொண்டுபோய் அம்மாவின் மேல் வைத்தாள்.

அடக்கம் முடிந்து வந்ததும் மடிக்கணினியைத் திறந்தாள். பதினோரு வரிகளையும் அழித்தாள். அந்த நாள்களில் அளவு எடுக்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் அடித்தாள். காரணம் என்ற கட்டத்தில், 'அளவெடுத்தவருக்கு உடல்நலமில்லை.' இன்னும் எழுத இடமிருந்தது. எதை எழுதினாலும் அம்மாவிடம் போய்ச் சேராது.

கிணற்றடி ஆணியில் பாலித்தீன் பையில் தொங்கிய நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படமெடுத்தாள். கடைசிப் பக்கத்தில் இந்த வாரச் செவ்வாய்க்கிழமைக்கு எண் இல்லை. குண்டு குண்டான எழுத்தில், 'எடுக்கல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிச்சிரு மக்கா.'

புதன், வியாழன் எண்கள் இருந்தன. நேற்று வியாழனுக்கு 1842. இன்றைய கட்டம் காலி.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எல்லாவற்றையும் அனுப்பினாள். திரை நன்றி சொன்னது.

"கல்லறைக்குப் போய்ட்டு வந்து கால் கழுவாம கெடக்கியே பிள்ளே," என்றாள் சித்தி.

ஸ்மைலின் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி கோரினாள். கைப்பிடிச் சுவரில் இருந்த மீட்டரை எடுத்துத் தண்ணீரில் முக்கினாள். எண்கள் ஓடி ஓடி நின்றன.

1842.

நேற்று அம்மா எழுதிய அதே எண். வாளியைக் கவிழ்த்துவிட்டு, இன்னொரு வாளி கோரினாள்.