வீரம்மாள் ஏறாத படகு

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டூர் ஆபீஸ் வைத்திருக்கிறேன். காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் ஆள் கூட்டிப் போனவளை ஆசை விட்டதா? இந்த வருஷம் 'சூர்யகலா டூர்ஸ், நார்வே' என்று போர்டு எழுதிவிட்டேன். பனி, அருவி, மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக நுழைந்து கிடக்கும் ஃபியர்டு, எல்லாம் ஒரு வாரத்தில்.

ஒலக்கூர் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் உடனே பெயர் கொடுத்தன. மரக்காணத்து மீனவக் குப்பத்திலிருந்து முருகையன், வீரம்மாள் தம்பதி. அவர்களுடைய மகள் கலைப்பிரியா நார்வேயில் கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை செய்வதாக வீரம்மாள் சொல்லியிருந்தாள். அந்தப் பெண்ணே எனக்குப் போன் செய்தாள்.

"அம்மாவ எங்க வேணா கூட்டிக்கினு போங்கக்கா. படகு மட்டும் நான் சொல்ற படகா இருக்கணும்."

மகளைப் பார்த்து வருஷக்கணக்கான வீரம்மாள், அதற்குள் கருவாடு கட்டி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஆபீசில் உட்காரவைத்துத் திட்டத்தைச் சொன்னேன். முதலில் பஸ், அப்புறம் மலை ரயில்.

"அங்க ராத்திரி கூட வெயில் அடிக்குமாமே, எப்பம்மா தூங்கறது?" என்று வேர்க்கடலை வியாபாரி ராஜாமணி கேட்டார்.

"தூங்கறதுக்குத்தான் ஒலக்கூர்ல ஊடு இருக்குதே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "மலையிலருந்து எறங்கினா, மூணு நாள் படகுதான்."

வீரம்மாள் எழுந்துவிட்டாள்.

"படகா? நான் படகுல கால் வெக்க மாட்டேன் கண்ணு."

"ஏன் பெரிம்மா, வாந்தி வருமா?"

"எங்க குப்பத்துல பொம்பளைங்க படகு ஏறக் கூடாது. ஏறினா கடலு கோச்சிக்கும். வாக்கப்பட்ட நாள்லருந்து மீனு விக்கறேன், கரையத் தாண்டினதில்ல. அவரு வர்ற வரைக்கும் கரையில நிப்பேன், அவ்ளோதான்."

மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித் தரணுமா என்று அவளிடம் ஒன்றுமே கேட்காமல் இருந்துவிட்டேன். படகு இல்லாமல் ஃபியர்டு ஏது? என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"அப்போ பொண்ண பாக்க வேணாமா?"

"பாக்கணும். பஸ்லயே கூட்டிக்கினு போ." அவள் வாசல் பக்கம் நகர்ந்தாள். "முடியாதுன்னா, நான் வரல."

படகைக் கண்ணால் பார்த்தால் பயம் போய்விடும் என்று, கலைப்பிரியா அனுப்பிய வீடியோவை டிவியில் போட்டேன். நானும் அதை முழுதாகப் பார்த்ததில்லை. செங்குத்து மலைகளுக்கு நடுவே பெரிய வெள்ளைப் படகு. கேமரா படியேறி, ஓட்டுகிற அறைக்குள் போனது. தோளில் தங்கப் பட்டை வைத்த வெள்ளைச் சட்டையோடு கேப்டன் திரும்பினாள்.

"அம்மா, இதான் என் படகு. வாம்மா" என்று சிரித்தாள் கலைப்பிரியா.

ராஜாமணி திறந்த வாயை மூடவில்லை. வீரம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதிராமல் இருந்தது முருகையன் ஒருவர்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டதை வீரம்மாள் பார்த்துவிட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எம்மாம் நாளா?"

"படிக்கப் போனப்பவே." முருகையன் நிமிரவில்லை. "சின்னதுல படகு ஏறணும்னு அழுதுக்கினே இருப்பா. நீ மீன் விக்கப் போனப்புறம், கழுவெளி ஏரித் தண்ணியில ஆளு இல்லாத எடமா கூட்டிக்கினு போவேன். அப்புறம் ஒரு நாளு கடலுக்கும் கூட்டிக்கினு போனேன். அவளுக்குச் சுக்கான் புடிக்கக் கத்துக் குடுத்தது நான்தான்."

"கடலு கோச்சிக்கல?"

"இல்ல. அன்னிக்கு வலை நெறைய மீனு."

வழக்கத்தை மீறியதற்காக ஒப்பாரி வைக்கப் போகிறாள் என்று பயந்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். அவள் அழவில்லை.

"அவள ஏத்தின. என்னை ஒரு நாளாவது ஏத்தினியாய்யா?"

"நீ கேக்கலியே" என்றார் முருகையன்.

வீரம்மாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"படகுல என் பேரப் போடு கண்ணு."

"ரெண்டு பேருக்கும்தானே பெரிம்மா?"

"எனக்கு மட்டும். நான் வர்ற வரைக்கும் அவரு கரையில நிக்கட்டும்."